ஒரு தீப்பெட்டி அளவு

இதை நான் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் குறை வரக்கூடாது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்பது எனக்கு வராது. வீட்டுக்காரர் சொல்வார், "சீனித்தாயி கதை சொன்னா செத்தவன் முதல்ல வருவான், அப்புறமாத்தான் அவனுக்குக் காய்ச்சலே வரும்" என்று. இதுவும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒன்று கிடக்க ஒன்று சொல்லி, கேட்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது.

உங்கள் மடியில் பேப்பர் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அந்த வளைந்த முனையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஹாக்கி மட்டை. அதனால்தான் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டு காலியாக இருந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மகளுக்கா? தாயம்மாள் காலேஜா? பாருங்கள், எப்படி வந்து வாய்க்கிறது. நம்ம பிள்ளைகள். நான் காலேஜ் பேரைச் சொல்வதே இல்லை, நம்ம பிள்ளைகள் என்றுதான் சொல்வது. மூன்று வருஷமாக ஊரில் நடந்த ஒரு ஆட்டம் விட்டதில்லை. ஒன்று விட்டேன், அன்றைக்கு நாத்தனாருடைய மாமனார் இறந்துபோனார். அதிலும் தூக்குவதற்கு முன்பே கிளம்பி, கடைசிக் கால்வாசி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன்.

ஊருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. சொல்லிவிடலாம்.

என் வீடு மைதானத்தின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பந்து சுவரைத் தாண்டி வந்து என் குடத்தில் விழுந்தது. பிளாஸ்டிக் குடம், வாயிலிருந்து அடி வரைக்கும் பிளந்துவிட்டது. அன்றைக்குத்தான் எட்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. உடைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற பால்ச்சாமி பக்கவாட்டுக் கதவில் நின்றான். "யக்கா, ஆட்டம் முடியட்டும், அதுக்கப்புறம் எல்லாரையும் சேத்துத் திட்டிருங்க. இப்ப இதுல உக்காருங்க" என்று ஒரு சிவப்பு நாற்காலியை எடுத்துப் போட்டான். கோலுக்கு நேர் பின்னால், கம்பி வலைக்கு இந்தப் பக்கம். உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

அதுவரைக்கும் பொம்பளைப் பிள்ளைகள் ஓடி நான் பார்த்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது வேறு. மழைக்குக் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவது வேறு. இது வேறு. அதுவும் ஒருத்தி ஓடவே இல்லை, காலில் தலையணை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு, தலையில் கூண்டை மாட்டிக்கொண்டு, கோலை மறித்து நின்றாள். இவ்வளவு பெரிய ஓட்டத்துக்கு நடுவில் ஒருத்தி நகராமல் நின்றது எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் அவள்தான் கூண்டைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, கொடத்த ஒடச்சது நான்தான். கால வச்சுத் தள்ளுனேன், மேல போயிருச்சு."

பார்த்தால் மாரிக்கனி மகள். மாரிக்கனியும் நானும் தீப்பெட்டி ஆபீஸில் ஒரே பெஞ்சில் பத்து வருஷம் லேபிள் ஒட்டினோம். பிள்ளை பேர் இசக்கியம்மாள். இசக்கி என்று கூப்பிடுவார்கள். மறுநாளே புதுக்குடம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினாள். முன்னாலிருந்ததைவிடச் சின்னக் குடம். இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தடவைதான் சொன்னேன்.

அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பந்து பல்லில் பட்டுவிட்டால்? முட்டி பெயர்ந்துவிட்டால்? வெயிலில் மயக்கம் போட்டுவிட்டால்? பி.டி. டீச்சர் ரெஜினா மேடத்திடம் கேட்டேன், பிள்ளைகளுக்குப் பல்லில் ஏதாவது கட்டிவிடக்கூடாதா என்று. "கட்டித்தாம்மா விட்டிருக்கேன்" என்றார். எனக்கு அதெல்லாம் தெரியுமா.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியாது. கண்ணேறு. மைதானத்தைச் சுற்றி முந்நூறு பேர் நிற்கிறார்கள். ஆடத்தெரிந்தவன் இருபது பேர் இருப்பானா. மிச்சவனெல்லாம் எதற்கு வருகிறான்? பதினோரு பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் பாவாடை கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கத்தானே. அத்தனை கண்ணும் எங்கே போய் இறங்கும்? அதனால் நான் சுற்றிப் போட ஆரம்பித்தேன். உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் பக்கம் ஏழு மிளகாய், ஒரு கைக் கல்லுப்பு, அவரவர் காலடி மண். மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட வேண்டும். நெடி கமறித் தும்மல் வந்தால் கண் இல்லை. நெடியே வராவிட்டால் கண் இருந்திருக்கிறது, அது மிளகாயோடு போய்விட்டது என்று அர்த்தம்.

அப்போது மண் தரை. காலையில் பிள்ளைகள் ஓடிமுடித்ததும் பால்ச்சாமி கதவைத் திறந்துவிடுவான். ஒவ்வொருத்தி நிற்கிற இடத்திலும் ஒரு சிட்டிகை. பதினோரு சிட்டிகை. இரண்டு வருஷமும் கோப்பை நமக்குத்தான். மேடம் காலை ஐந்தரை மணிக்கே பிள்ளைகளை ஓடவிட்டார், அதுவும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். நான் யாருடைய பேரையும் எடுத்துக்கொள்கிறவள் இல்லை.

மூன்றாம் வருஷம்தான் அந்தப் பச்சைத் தரை வந்தது. டர்ஃப் என்கிறார்கள். மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்விட்டு, பெரிய பாய் மாதிரி விரித்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மோட்டாரைப் போட்டு அதற்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மண்ணுக்குத் தெளித்தால் புழுதி அடங்கும், சரி. பிளாஸ்டிக் பாய்க்கு எதற்குத் தண்ணீர்? எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை.

பால்ச்சாமியிடம் கேட்டேன், "தம்பி, இதுல மண்ணே கெடயாதா?"

"அடியில கான்கிரீட்டு, அதுக்கு மேல ரப்பரு, அதுக்கு மேல இது. மண்ணுக்கு நீங்க தோண்டணும்க்கா."

"பிள்ளைங்க காலடி மண்ணுக்கு எங்க போக?"

"மேடத்துக்கிட்ட மனு குடுங்க" என்று சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு.

பிள்ளைகளின் ஷூவை வாங்கித் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் உதிரவில்லை. கால் பதியாத தரையில் எப்படித்தான் ஆடுவது. முதல் ஆட்டம் சமம். இரண்டாவது தோல்வி. மூன்றாவது இழுத்துப் பறித்து ஜெயித்தோம். "பந்து வேகமாப் போகுதும்மா, ரெண்டு மாசத்துல பழகிரும்" என்றார் மேடம். நான் தலையை ஆட்டினேன். பெரிய படிப்புப் படித்தவர்களிடம் எதிர்த்துப் பேசக்கூடாது. அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, நாம் செய்வதைச் செய்ய வேண்டும்.

அந்த வருஷம் செமி ஃபைனல் சமமாக முடிந்து, ஒவ்வொருத்தியாக வந்து கோல் அடிக்கிற மாதிரி ஒன்று வைத்தார்கள். இசக்கி மூன்றைத் தடுத்தாள். மூன்றாவதைப் படுத்துக்கொண்டே தடுத்தாள். மறுநாள் பேப்பரில் அவள் போட்டோ. யார் யார் கண் படுகிறது என்று ஊரைச் சுற்றிப் பார்த்தேன். சலூனில் அந்தப் பேப்பர், டீக்கடையில் அந்தப் பேப்பர், ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி விசிறிக்கொண்டிருந்ததும் அந்தப் பேப்பர்தான். வீட்டுக்காரர்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் கல்யாணப் போட்டோவை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

ஃபைனலுக்கு முந்தின நாள் இசக்கி வீட்டுக்கு வந்தாள். நான் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள், "அத்தை, நாளைக்கு யூனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்க ரெண்டு பேர் வாராங்க. ஒரே ஒரு கீப்பர்தான் எடுப்பாங்க. நானா, எதிர் டீமு திருநெல்வேலிப் பிள்ளையான்னு பாக்கத்தான் வாராங்க. அதுல பேர் வந்தா ரயில்வேல வேலைக்குக் கூப்பிடுவாங்க."

"வரலேன்னா?"

"ஆவணியில எங்க மாமா மகனுக்குக் கட்டிவச்சுருவாங்க. அப்பா சொல்லிட்டாரு. எனக்கு இதான் கடைசி வருசம்லா."

"அவன் என்ன வேல பாக்கான்?"

"பரோட்டா போடுதான்."

"நல்லாப் போடுவானா?"

"நல்லாத்தான் போடுவான். அதுக்காகக் கட்டிக்கிட முடியுமா அத்தை?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தம்ளரைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தேன், வெளுத்துப்போயிருந்தது. உங்களுக்குச் சொல்கிறேன், அன்றைக்கு ராத்திரி நான் பொட்டுக்கண் மூடவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கையே தொங்குகிறது, ஊர்க் கண் முழுக்க அவள் மேல் இருக்கிறது, சுற்றிப் போட ஒரு சிட்டிகை மண் இல்லை. என்ன செய்வீர்கள் நீங்கள்?

காலையில் எட்டு மணிக்குப் போனேன். பால்ச்சாமி கதவைத் திறந்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டான். நான் கோலுக்கு முன்னால் போய் நின்றேன். இசக்கி எப்போதும் இரண்டு எட்டு முன்னால் வந்து, இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நிற்பாள். மூன்று வருஷமாகப் பின்னாலிருந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா. அந்த இடத்தில்தான் பாயும் பாயும் சேர்கிற ஒட்டு. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், வரவில்லை. இடுப்பில் லேபிள் வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. ஒட்டில் நுனியை விட்டேன். லேசாக வாயைத் திறந்தது. ஒரு தீப்பெட்டி அளவு எடுத்தேன். அவ்வளவுதான். காலடி மண் இல்லாத இடத்தில் காலடியையே எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் பால்ச்சாமி வந்துவிட்டான். "என்னக்கா குனிஞ்சு தேடுதீக?"

"தோட்டுத் திருகாணி விழுந்துருச்சு தம்பி."

எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ. அவன் பாவம், அவனும் முட்டிபோட்டு உட்கார்ந்து கால்மணி நேரம் தேடினான். நான் வெட்டின இடத்தின் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றேன். "தங்கமாக்கா?" என்றான். "பின்ன என்ன தகரமா" என்றேன். "ஆட்டம் முடியட்டும், லைட்டடிச்சுத் தேடித் தாரேன்" என்றான். நல்ல பையன்தான் அப்போதெல்லாம்.

வீட்டுக்கு வந்து, இசக்கி நேரில் இல்லாததால் பேப்பர் போட்டோவைச் சுவரில் சாய்த்துவைத்து, அதற்கு மூன்று சுற்றுச் சுற்றினேன். அடுப்பில் போட்டேன். ஐயோ, என்ன கமறல். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரி இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். வீட்டுக்காரர் வேட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வீட்டுக்குள்ள டயரக் கொளுத்துதியா?" என்றார். கமறினால் கண் இல்லை என்றுதானே சொன்னாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அது பிளாஸ்டிக் கமறல், மிளகாய்க் கமறல் இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து நெடியிலேயே வளர்ந்தவள் நான், எனக்கு ஒரு நெடிக்கும் இன்னொரு நெடிக்கும் வித்தியாசம் தெரியாதா. மனதில் ஒரு பாரம் இறங்கியது. அன்றைக்குக் காலையில் நான்கு இட்லி சாப்பிட்டேன்.

மூன்றரைக்கு ஆட்டம். ஆள் எடுக்க வந்தவர்கள் மேடைப் பக்கம் குடைக்குக் கீழே இருந்தார்கள், ஒரு வழுக்கை சாரும், ஃபைல் வைத்திருந்த ஒரு அம்மாவும். நாம் ஒரு கோல், அவர்கள் ஒரு கோல். முதல் பாதியில் இசக்கி இந்தப் பக்கக் கோலில் இல்லை, அந்தப் பக்கம் நின்றாள். மூன்று வருஷம் பார்த்தும், பக்கம் மாறுவார்கள் என்பது காலையில் என் புத்திக்கு எட்டவில்லை பாருங்கள். நான் சுற்றிப்போட்டதெல்லாம் அந்தத் திருநெல்வேலிக்காரிக்கா போகிறது என்று தவித்துப்போனேன். பாதி முடிந்து நம்ம பிள்ளை இந்தப் பக்கம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. வந்ததும் திரும்பி என்னைப் பார்த்துக் கூண்டுக்குள்ளிருந்து தலையை ஆட்டினாள்.

முடிய மூன்று நிமிஷம். திருநெல்வேலிப் பிள்ளை ஒருத்தி வட்டத்துக்குள் வந்து, அடிப்பதற்குள் நம்ம பிள்ளை ஒருத்தி மட்டையைக் குறுக்கே கொடுத்துவிட்டாள். பந்து செத்துப்போய் உருண்டு வந்தது. அதைத் தடுக்க கீப்பரே வேண்டாம், நான் போய்ச் சேலையை விரித்தாலே போதும். இசக்கி இடது காலைச் சாய்த்து, அந்தத் தலையணைப் பேடைத் தரையோடு படுக்கவைத்தாள். பந்து நேராக வந்தது. வந்து, ஒரு இடத்தில், தவளை மாதிரி எகிறியது. பேடுக்கு மேல் தாவி, அவளுக்குப் பின்னால் விழுந்து, உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் எவனோ ஒருத்தன், "பேப்பர்ல போட்டோ வந்தா இப்படித்தான்" என்றான். இசக்கிக்கு ஆத்திரம், மட்டையால் தரையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அந்த அடிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்த மட்டையடி மட்டும் இல்லாவிட்டால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது. நான் அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன், பொம்பளைப் பிள்ளைக்குக் கோபம் ஆகாது என்று.

தோற்றுவிட்டோம். மற்ற பிள்ளைகள் உட்கார்ந்து அழுகிறார்கள். இசக்கி அழவில்லை, மேடத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "மேடம், வந்து பாருங்க, இங்க கிழிஞ்சிருக்கு. பந்து இதுல பட்டுத்தான் எகிறுச்சு." மேடம் குனிந்தார். வழுக்கை சார் வந்தார், ஃபைல் அம்மா வந்தார். திருநெல்வேலிக் கோச் வந்து, "நீ மட்டையால அடிச்சதுலதாம்மா கிழிஞ்சிருக்கு, எல்லாரும் பாத்தோமே" என்றார்.

ஃபைல் அம்மா நிதானமாகத்தான் பேசினார். "கோல மாத்த முடியாது. ஆனா தப்பு பிள்ளை மேலயா தரை மேலயான்னு தெரிஞ்சா, நாங்க எழுதுறது மாறும். கோலுக்கு முன்னாடியே இது கிழிஞ்சிருந்துச்சான்னு சொல்ல யாராவது இருக்காங்களா?"

மேடம் பால்ச்சாமியைக் கூப்பிட்டார். "காலைல ஒட்டு சரியா இருந்துச்சா?"

"எட்டு மணி வரைக்கும் இருந்துச்சு மேடம்."

"எட்டு மணிக்கு மேல?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாது மேடம்" என்றான். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எதற்கு என்னைப் பார்க்க வேண்டும்? எடுத்தது ஒரு தீப்பெட்டி அளவு. தீப்பெட்டிகூட இல்லை, உள்ளே குச்சி இருக்கிற பெட்டி இருக்கிறதே, அதன் அளவுதான்.

அப்போது இசக்கி திரும்பினாள். "அத்தை இருந்தாங்க மேடம். அத்தை எப்பவும் கோலுக்குப் பின்னாடிதான் இருப்பாங்க. ஒரு பந்து விட மாட்டாங்க." வலைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, பந்து எகிறுனத நீங்க பாத்தீங்கள்ல? சொல்லுங்க அத்தை" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள். பார்த்தேன் என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள்? முன்னாலேயே கிழிந்திருந்ததா என்பார்கள். ஆமாம் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதற்கப்புறம் நான் மிளகாயிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். நான் எதைச் சொன்னாலும் தப்பாகச் சொல்கிறவள் என்று முதலிலேயே உங்களிடம் சொன்னேன் இல்லையா. நான் தப்பாகச் சொல்லி, அதனால் பிள்ளைக்கு இன்னும் கெடுதல் வந்துவிட்டால்?

"நான் கண்ண மூடிச் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

பொய் இல்லை. அதைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன்.

ஃபைல் அம்மா என்னவோ எழுதினார். வழுக்கை சார் கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் இசக்கியின் தோளில் கை வைத்தார். அவள் கம்பியிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். "சரி அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் நாற்காலியை மடக்கி, இல்லை, அது மடக்குகிற நாற்காலி இல்லை, தூக்கிக்கொண்டு கதவுக்கு வந்தேன். பால்ச்சாமி என் கையிலிருந்து நாற்காலியை வாங்கிக்கொண்டான். "யக்கா, திருகாணி கெடச்சுதா?" என்றான்.

"கெடச்சுருச்சு தம்பி" என்றேன்.

"எங்க கெடந்துச்சு?"

"வீட்டுலயே" என்றேன்.

"நல்லது" என்றான். "இனிமே எல்லாரும் வார மாதிரி பெரிய வாசல் வழியா வாங்க. இந்தக் கதவு பூட்டியிருக்கும்." மூன்று வருஷப் பழக்கம். என்ன கோபமோ அவனுக்கு. யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். ஊரில் நல்லதைச் சொல்ல யார் இருக்கிறார்கள். உங்களிடம் நான் இவ்வளவு சொல்வதே அந்த ஆற்றாமையில்தான். குடம் உடைந்த அன்றைக்கு நாற்காலி போட்டவன், இன்றைக்கு முந்நூறு பேரோடு என்னையும் வெயிலில் நிற்கவிட்டான்.

யூனிவர்சிட்டி டீமில் திருநெல்வேலிப் பிள்ளை பேர்தான் வந்தது. இசக்கிக்கு ஆவணி பன்னிரண்டாம் தேதி முகூர்த்தம். அதுவும் நல்லதுதானே, நீங்களே சொல்லுங்கள். ரயில்வேயில் சேர்ந்தால் எந்த ஊருக்குத் தூக்கிப்போடுவார்களோ, என்ன சாப்பாடோ. இங்கே மாரிக்கனிக்கு மகள் பக்கத்திலேயே இருப்பாள். பரோட்டாக் கடையும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நல்ல வியாபாரம்.

பத்திரிகை வைக்க அவளே வந்தாள், தாயையும் கூட்டிக்கொண்டு. மாரிக்கனி உள்ளே போய் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். இசக்கி வாசலில் நின்றபடி அந்தச் சின்னக் குடத்தைப் பார்த்தாள், இன்னும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறேன். கையெல்லாம் எண்ணெய் வாசனை, இப்போதே கடையில் உதவிக்கு நிற்கிறாளாம்.

"மட்டையெல்லாம் என்ன செஞ்ச?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

"ஜூனியருக்குக் குடுத்துட்டேன். பேடு மட்டும் வச்சிருக்கேன், யாரும் கேக்கல." குடத்தை நகர்த்தி நேராக வைத்தாள். பிறகு, "அத்தை, அன்னைக்கு நீங்க கண்ண மூடிக் கும்பிட்டது எனக்குத்தான?" என்றாள்.

"பின்ன யாருக்கு? ஒனக்குத்தாம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. நான் கோபத்துக்கு அஞ்சுகிறவள் இல்லை, வீட்டுக்காரரோடு முப்பது வருஷம் இருந்திருக்கிறேன். அவள் சும்மா பார்த்தாள். பந்து வருகிறவரைக்கும் நகராமல் நின்று பார்ப்பாளே, அந்த மாதிரி. என் முகத்தில், பிறகு என் காதில், தோட்டில், திருகாணியில். பிறகு "வந்துருங்க அத்தை, சாப்பாடு நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதுகில் யாரோ பார்க்கிற மாதிரியே இருக்கிறது. அடுப்படியில் நின்றாலும் பார்க்கிற மாதிரி, கொல்லையில் நின்றாலும் பார்க்கிற மாதிரி. அதற்கு அம்மனைக் கும்பிட்டு வரத்தான் இருக்கன்குடிக்குப் போனேன், அங்கே வரிசையிலும் அதே மாதிரிதான். இத்தனைக்கும் நான் எடுத்தது எவ்வளவு? லேபிளில் பாதி. சரியாகச் சொன்னால் ஒரு குச்சியின் மருந்து அளவு. கண்ணுக்கே தெரியாது.

அது கிடக்கட்டும், கேட்க மறந்தே போனேன். உங்கள் மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள்? கீப்பரா?

அப்படியா. இசக்கி இடத்துக்கா. நல்லதுதான், நல்லதுதான். பயப்படாதீர்கள், கோலுக்குப் பின்னால் நான் இருக்கிறேன். பெரிய வாசல் வழியாக வந்தாலும் எட்டுக்கே வந்து இடம் பிடித்துவிடுவேன். பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை நான் செய்கிறேன். நீங்கள் ஏன் மட்டையை அந்தப் பக்கம் மாற்றி வைக்கிறீர்கள்? இங்கேயே இருக்கட்டும், எனக்கு இடிக்கவில்லை.

எதில் விட்டேன்? ஆம், அந்தப் பார்வை. கோவிலில் இருந்துகொண்டே யோசித்தேன், இந்தக் கண்ணைக் கழிக்காமல் வீட்டுப்படி ஏறக்கூடாது என்று. சத்திரத்தின் பின்னால் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அங்கே மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்து, திரும்பி, என் காலடி மண்ணை நானே எடுத்தேன். கல்லுப்பு மடியில் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன ஏழு மிளகாய், அது போன வருஷத்து மிளகாய், வண்டு விழுந்து வெளுத்துப்போனதுதான், அதனாலென்ன. என் தலையை நானே மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இசக்கி பேரைச் சொன்னேன். நெருப்பில் போட்டேன். பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கமறல் இல்லை. ஒரு தும்மல் இல்லை. எவ்வளவு கண் வைத்திருக்கிறாள் பாருங்கள்.